கம்ப்யூட்டரே இறக்கிவிடும் என்றால், அந்த எஃப்-35 ஏன் கடலில் விழுந்தது?

என் தங்கை மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். போன வாரம் இருவரும் பினாங்கில் ஜார்ஜ் டவுனிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ஃபெர்ரியில் வந்துகொண்டிருந்தோம். தலைக்கு மேல் இரண்டு ஹார்னெட் போர்விமானங்கள் விமானத்தளத்தைப் பார்த்துத் திரும்பின. உடனே கேட்டான்: "மாமா, விமானந்தாங்கிக் கப்பலில் விமானத்தைத் தானாகவே இறக்கிவிடும் வசதி இருக்காமே. அப்புறம் ஏன் அந்த அமெரிக்க எஃப்-35 போர்விமானம் கப்பலில் மோதி நம்ம தென்சீனக் கடலில் விழுந்தது?"

ஃபெர்ரி கரை சேர்வதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமா இது? பாதியிலேயே இறங்க வேண்டியதாகிவிட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் போர்விமானத்தில் வேலை செய்தவன் இல்லை. சுபாங்கிலும் பிறகு பாயான் லெப்பாசிலும் பயணிகள் விமானங்களின் ஆட்டோபைலட், வானொலி, கருவிகள் என்று இருபது வருடத்துக்கு மேல் பராமரிப்பில் இருந்தவன். இந்தக் கேள்வியில் பாதி போர்விமானத்தைப் பற்றியது. மீதிப் பாதி ஆட்டோபைலட்டைப் பற்றியது. அந்தப் பாதி எனக்கு நன்றாகவே தெரியும்.

சுருக்கமான பதில் ஒரே வரி. வசதி இருந்தது, பழுதும் இல்லை, அதை ஆன் செய்ய விமானி மறந்துவிட்டார். மறந்ததில் என்ன இவ்வளவு பெரிய விபத்து என்று கேட்டால், கப்பலில் இறங்குவது என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பட்டர்வொர்த் ஓடுபாதை சுமார் 2,400 மீட்டர். அமெரிக்காவின் நிமிட்ஸ் வகை விமானந்தாங்கிக் கப்பலில் இறங்குவதற்கு இருக்கும் இடம் கிட்டத்தட்ட ஜார்ஜ் டவுனில் வானுயர நிற்கும் நம் கொம்தார் கட்டடத்தைத் தரையில் படுக்கவைத்த நீளம். அதிலும் விமானம் நிற்பதற்குக் கிடைப்பது 100 மீட்டர் போல. மணிக்கு 240, 250 கிலோமீட்டர் வேகத்தில் வருவதை இரண்டு மூன்று வினாடியில் நிறுத்துகிறார்கள். பிரேக்கினால் அது முடியாது. தளத்தின் குறுக்கே நான்கு இரும்புக் கம்பிவடங்கள், ஒன்றுக்கொன்று சுமார் 12 மீட்டர் இடைவெளியில் கட்டப்பட்டிருக்கும். விமானத்தின் வால் பக்கம் தொங்கும் கொக்கி அவற்றில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். சக்கரம் தளத்தைத் தொட்ட கணத்திலேயே விமானி த்ராட்டிலை, அதாவது இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் லீவரை, முழுதாக முன்னே தள்ளுவார். நிறுத்தப் போகும் நேரத்தில் எதற்கு முழு விசை? கொக்கி எதையும் பிடிக்காமல் போனால், மீதி இருக்கும் தளத்தில் மறுபடி மேலே ஏறிப் போக வேண்டுமே. அப்படித் தவறி ஏறிப்போவதை 'போல்ட்டர்' என்பார்கள். அது விபத்து இல்லை, வெட்கம் மட்டும்தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். இறங்கும் கோணம் சுமார் மூன்றரை பாகை. இந்தச் சரிவில் நீங்கள் ஒரு மீட்டர் உயரமாக வந்தால், தளத்தைத் தொடும் இடம் சுமார் 16 மீட்டர் முன்னே தள்ளிப்போகும். அதாவது ஒரு மீட்டர் பிசகினால் ஒரு கம்பிவடம் போச்சு. இன்னும் கொஞ்சம் பிசகினால் எல்லாமே போச்சு. தாழ்வாக வந்தால் அதைவிட மோசம். சரியான பாதையில் வரும்போதே கொக்கிக்கும் கப்பலின் பின்விளிம்புக்கும் நடுவே இருப்பது நாலு மீட்டர் சொச்சம்தான். அந்த விளிம்பில் மோதுவதை 'ராம்ப் ஸ்ட்ரைக்' என்கிறார்கள். விமானிகள் கனவில்கூடப் பார்க்க விரும்பாத வார்த்தை அது.

பயணிகள் விமானத்தில் கடைசி நேரத்தில் மூக்கைக் கொஞ்சம் தூக்கி, காற்றில் மிதக்கவிட்டு, மெதுவாக வைப்போம். இங்கே அது கிடையாது. வந்த சரிவிலேயே நேராகப் போய் 'டப்' என்று விழ வேண்டியதுதான். பயணிகள் விமானத்தின் சக்கரக்கால்களை வினாடிக்கு சுமார் மூன்று மீட்டர் இறங்கும் வேகம்வரை தாங்கும்படி வடிவமைப்பார்கள். அந்த எல்லையைத் தொட்டாலே எங்கள் ஆட்கள் டார்ச் விளக்கோடு அடியில் படுத்து ஒவ்வொரு போல்ட்டாகப் பார்ப்போம். கப்பலில் சாதாரண நாளின் சாதாரண இறக்கமே அதற்கு மேல்.

இதோடு இன்னும் இரண்டு தொல்லைகள். இறங்கும் பாதை கப்பலின் நீளத்துக்கு நேராக இல்லை. இடப்பக்கமாகச் சுமார் ஒன்பது பாகை சாய்ந்திருக்கும். கப்பலோ நேராக முன்னே போய்க்கொண்டிருக்கும். ஆகவே பின்னாலிருந்து வருகிற விமானிக்கு ஓடுபாதை ஓயாமல் வலப்பக்கம் நழுவிக்கொண்டே இருக்கும். அப்புறம், கப்பலின் கோபுரமும் தளமும் கிழித்துவிட்ட காற்று பின்பக்கம் சுழன்று கிடக்கும். கடைசி வினாடிகளில் விமானம் அந்தக் காற்றில் இறங்கிச் சட்டென்று தாழும். நம் ஃபெர்ரி ஓட்டுபவருக்கும் நீரோட்டம், காற்று எல்லாம் தெரியும். ஆனால் அவர் சேரும் ஜெட்டி ஓடிப்போவதில்லை.

இந்தக் குறைந்த வேகத்தில் இன்னொரு விசித்திரம் உண்டு. விமானம் தாழ்கிறது என்று மூக்கைத் தூக்கினால் அது ஏறாது. காற்றின் இழுவை கூடி, வேகம் குறைந்து, இன்னும் வேகமாக இறங்கும். உயரத்தை த்ராட்டிலால்தான் பிடிக்க வேண்டும், மூக்கின் கோணத்தை ஸ்டிக்கால் (விமானியின் கைப்பிடிக் கோல்) பிடிக்க வேண்டும், இறக்கையைச் சாய்த்துப் பாதையின் நடுக்கோட்டைப் பிடிக்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் கலையும். பழைய முறையில் கடைசி 18 வினாடிக்குள் விமானியின் கை இருநூறு, முந்நூறு சின்னத் திருத்தங்கள் செய்யும் என்பது அமெரிக்கக் கடற்படைப் பொறியாளர்கள் சொன்ன கணக்கு. வியட்நாம் போர்க் காலத்தில் விமானிகளின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தபோது, குண்டு போடும் நேரத்தைவிடக் கப்பலில் இறங்கும் நேரத்தில்தான் அதிகம் துடித்தது. எதிரி சுடுகிற இடத்தில்கூட இவ்வளவு பதறவில்லை!

சரி, உதவி என்னென்ன வந்தது? முதலில் மனிதன்தான். தளத்தின் ஓரத்தில் ஓர் அதிகாரி இரு கைகளிலும் துடுப்பு மாதிரிப் பலகைகளைப் பிடித்துக்கொண்டு 'ஏறு, இறங்கு, வேண்டாம் போய்விடு' என்று சைகை காட்டுவார். இன்றும் அந்த அதிகாரிகள் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள், கையில் வானொலியோடு. பட்டப்பெயர் மட்டும் இன்னும் 'பேடில்ஸ்'.

ஜெட் வந்ததும் அந்தச் சைகை போதவில்லை. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி நிக்கலஸ் குட்ஹார்ட் 1950களின் தொடக்கத்தில் ஒரு வழி கண்டார். மேசைமேல் ஒரு கைக்கண்ணாடியை நிறுத்தி, அதன் குறுக்கே உதட்டுச்சாயத்தால் ஒரு கோடு கிழித்து, முன்னால் டார்ச் விளக்கை வைத்து, 'விளக்கின் பிம்பம் கோட்டைவிட்டு விலகாதபடி பார்த்துக்கொண்டே என்னை நோக்கி வா' என்று செயலாளரிடம் சொன்னாராம். அந்தப் பெண் நடந்து வர வரக் குனிந்து, கடைசியில் தாடை மேசையில் வந்து நின்றதாம். இறங்கும் சரிவு கிடைத்துவிட்டது! அந்தக் கண்ணாடியின் பேரப்பிள்ளைதான் இன்று கப்பலின் இடப்பக்கம் இருக்கும் ஃப்ரெனல் லென்ஸ் விளக்கு. நடுவில் தெரியும் மஞ்சள் ஒளியை விமானிகள் 'மீட்பால்' என்பார்கள். இரு பக்கமும் இருக்கும் பச்சை விளக்குகளின் வரிசைக்கு மேலே அது தெரிந்தால் நீ உயரம், கீழே தெரிந்தால் தாழ்வு, சிவப்பாகிவிட்டால் ஆபத்து.

இப்போது என் தங்கை மகன் கேட்ட 'தானாக இறங்குவது'. இது புதுசு என்று நினைக்கிறான். 1957 ஆகஸ்ட் 12ஆம் தேதியே, ஆன்டீடம் என்ற அமெரிக்கக் கப்பலில் ஒரு ஸ்கைநைட் ஜெட், விமானி கையே வைக்காமல், இறங்கிவிட்டது. கப்பலின் ராடார் விமானத்தைக் கண்காணிக்கும். கணிப்பொறி கட்டளை அனுப்பும். விமானத்தின் ஆட்டோபைலட் அதன்படி நடக்கும். பயணிகளோடு ஒரு விமானம் முதன்முதலாகத் தானியங்கி முறையில் தரையிறங்கியது 1965இல், லண்டன் ஹீத்ரோவில், ஒரு டிரைடன்ட். மலைபோல அசையாத ஓடுபாதைக்கு வருவதற்கு எட்டு வருடம் முன்பே, ஆடுகிற கப்பலில் செய்துவிட்டார்கள்.

பிறகு ஏன் எல்லோரும் அதையே பயன்படுத்தவில்லை? விமானிக்குப் பிடிவாதம் என்று சிலர் எழுதுவார்கள். கொஞ்சம் உண்மை, ஆனால் முழுதும் இல்லை. கப்பலில் இருக்கும் ராடார், விமானத்தில் இருக்கும் கருவி, இரண்டும் அன்றைக்குச் சரியாக இருக்க வேண்டும். ஒன்று படுத்துவிட்டால், எரிபொருள் குறைந்துவரும் நள்ளிரவில், கரை எங்கோ இருக்க, கையால்தான் இறங்க வேண்டும். மாதக்கணக்கில் கையால் இறங்காதவன் அன்றைக்கு எப்படி இறங்குவான்? அதனால் வேண்டுமென்றே கையால் இறங்கிப் பழகினார்கள். பழக்கத்துக்காகச் செய்கிற ஒவ்வொரு இறக்கமும் ஒரு ஆபத்துதான். 1981 மே 26 இரவு நிமிட்ஸ் கப்பலில் இறங்க வந்த பிரவுலர் வகை ஜெட் ஒன்று தளத்தில் மோதித் தீப்பிடித்ததில் 14 பேர் இறந்தார்கள்.

இந்தக் கட்டை உடைத்தது இன்னொரு யோசனை. விமானியிடமிருந்து ஸ்டிக்கைப் பிடுங்காதே. ஸ்டிக்கின் அர்த்தத்தை மாற்று. 'மேஜிக் கார்பெட்' என்று செல்லப் பெயர் வைத்து 2015இல் கடலில் சோதித்தார்கள். பிறகு அது சூப்பர் ஹார்னெட் போர்விமானங்களுக்கு வந்தது. இதில் விமானி சரிவைப் பிடித்து ஸ்டிக்கை விட்டுவிட்டால் விமானம் அந்தச் சரிவிலேயே வரும். கொஞ்சம் உயரமாகத் தெரிகிறதா, ஸ்டிக்கை லேசாகத் தள்ளு. இறக்கையின் மடிப்புகளே நேரடியாகத் தூக்குவிசையைக் குறைத்து விமானத்தை இறக்கும். மூக்கு அப்படியே இருக்கும். த்ராட்டிலைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். கையை எடுத்தால் பழைய சரிவு. முந்நூறு திருத்தம் இருபது, முப்பதாகக் குறைந்தது. எஃப்-35இன் கப்பல் வகையான எஃப்-35சி விமானத்தில் இந்த வசதி பிறவியிலேயே உண்டு. அங்கே இரண்டு பொத்தான்கள் சேர்ந்து வேலை செய்யும்: ஒன்று விசையைத் தானாகப் பார்த்துக்கொள்வது, மற்றது சரிவைப் பிடித்துவைப்பது.

2022 ஜனவரி 24. கப்பல் கார்ல் வின்சன். (2024 நவம்பரில் இதே கப்பல்தான் கிள்ளான் துறைமுகத்துக்கு வந்தது, படம் எடுத்து எனக்கு அனுப்பியவர்கள் பலர்.) அந்த விமானி கத்துக்குட்டி இல்லை. அன்று அவர் ஒரு வேகமான முறையில் இறங்க வந்தார். கப்பலின் மேலேயே மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் வந்து, சட்டென்று திருப்பி, சுருக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி இறங்குவது. அவர் இதைச் செய்தது அதுவே முதல் தடவை. வேகத்தைக் கொல்ல த்ராட்டிலை நன்றாகப் பின்னே இழுத்தார். வழக்கமான சுற்றில் சக்கரம், கொக்கி, பொத்தான்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க நேரம் இருக்கும். இதில் எல்லாம் நசுங்கிப் போனது. இரண்டு பொத்தான்களும் அழுத்தப்படவில்லை.

அடுத்து நடந்ததை ஒரு பராமரிப்புக்காரனாக நான் இப்படித்தான் பார்க்கிறேன். அவர் மனசுக்குள் த்ராட்டிலைக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை த்ராட்டில் அவர் கையில் இருக்கிறது. நடுவில் த்ராட்டில் அனாதை. இன்ஜின் மிகக் குறைந்த விசையில் சுழல, விமானம் வேகம் இழந்து தாழ்ந்தது. கடைசி நொடிகளில் அவருக்குப் புரிந்து முழு விசை கொடுத்தார். ஜெட் இன்ஜின் மோட்டார் சைக்கிள் இல்லையே, முறுக்கியதும் பாய. பின்விளிம்பில் மோதி, சக்கரக்கால் ஒடிந்து, தளத்தில் சுழன்று சறுக்கிக் கடலில் விழுந்தது. விமானி இருக்கையோடு வெளியேறி உயிர் பிழைத்தார். தளத்தில் இருந்த சிலரும் காயப்பட்டார்கள். 100 மில்லியன் டாலருக்கு மேல் விலையுள்ள அந்த விமானத்தை மார்ச் 2ஆம் தேதி 3,780 மீட்டர் ஆழத்திலிருந்து தூக்கினார்கள். விசாரணை அறிக்கை விமானியின் தவறு என்றது. அலட்சியமாகவோ வேண்டுமென்றோ செய்ததில்லை என்றும் சேர்த்துச் சொன்னது. அந்த இரண்டாவது வரியைப் பல செய்திகள் விட்டுவிட்டன.

இதைச் சொன்னால், "அப்போ எப்பவும் ஆன்லயே வெச்சிருக்கலாமே மாமா?" என்பான். அதற்குத்தான் இன்னொரு எஃப்-35இன் கதை. 2020 மே 19 இரவு, ஃபுளோரிடாவில் எக்ளின் விமானத்தளம். கப்பல் இல்லை, நல்ல நீளமான ஓடுபாதை. விமானி வேகத்தை 202 நாட் (மணிக்கு சுமார் 374 கிலோமீட்டர்) என்று பிடித்துவைக்கும்படி ஆட்டோத்ராட்டிலை, அதாவது த்ராட்டிலைத் தானாகப் பார்த்துக்கொள்ளும் கருவியை, போட்டிருந்தார். இறங்கும்போது அதை எடுக்க மறந்தார். இருக்க வேண்டியதைவிட 50 நாட் அதிக வேகத்தில் தரையைத் தொட்டது. தொட்டதும் துள்ளியது. மறுபடி ஏறிவிடலாம் என்று அவர் ஸ்டிக்கை இழுத்தார். விமானத்தின் கணிப்பொறியோ வால் இறக்கைகளை மூக்கு கீழே போகும்படி வைத்திருந்தது. கை ஒன்று சொல்ல, வால் வேறொன்று செய்ய, அவரும் இருக்கையோடு வெளியேறினார்.

ஒருவர் ஆன் செய்ய மறந்தார். ஒருவர் ஆஃப் செய்ய மறந்தார். பொத்தான் மேல் பழி போட இடமே இல்லை. 2013 ஜூலை 6இல் சான் பிரான்சிஸ்கோவில் மோதிய ஏசியானா 777 விமானத்திலும் இதே நிழல்தான்: ஆட்டோத்ராட்டில் வேகத்தைக் காப்பாற்றும் என்று விமானிகள் நம்பினார்கள், அது அப்போது வேகத்தைப் பார்க்காத நிலையில் இருந்தது. மூன்று பேர் இறந்தார்கள்.

இதை நான் சிரித்துக்கொண்டே புரிந்துகொண்ட ஒரு ராத்திரி உண்டு. ஹேங்கரில் ஒரு 737. இன்ஜின் நிறுத்தியிருந்தது, மின்சாரம் மட்டும் கொடுத்து ஆட்டோத்ராட்டில் சோதனை முடித்தேன். சோதனை ஸ்விட்சைப் பழைய நிலைக்குக் கொண்டுவராமல் சாப்பிடக் கீழே இறங்கிவிட்டேன். வேறொரு வேலையாகக் காக்பிட்டில் ஏறிய நண்பர், கோப்பி-ஓ பொட்டலத்தை த்ராட்டில் லீவர்களின் முன்னால் சாய்த்து வைத்திருக்கிறார். ஏதோ ஒரு பொத்தானில் அவர் விரல் பட, இரண்டு லீவரும் பேய் தள்ளியது போல முன்னே நகர்ந்து பொட்டலத்தைக் கவிழ்த்தன. அவர் அலறியது தரைவரை கேட்டது. அன்றைக்கு நான் லீவர்கள் இருக்கும் பெடஸ்டலைக் கழற்றித் துடைத்து முடிக்க விடிந்துவிட்டது. சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி. ஆனால் ஒன்று பாருங்கள்: லீவர் நகர்ந்ததால்தான் 'யாரோ வேலை செய்கிறார்கள்' என்று அவருக்குத் தெரிந்தது. போயிங்கில் லீவர் அப்படி நகரும். ஏர்பஸ்ஸில் ஒரே இடத்தில் நிற்கும், திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எது நல்லது என்று எங்கள் ஆட்கள் இன்றும் மாமாக் கடையில் சண்டை போடுவார்கள். நான் போயிங் கட்சி.

மனிதனையே எடுத்துவிட்டால்? அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 2013 ஜூலை 10, எக்ஸ்-47பி என்ற ஆளில்லா ஜெட் ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ் கப்பலில் இறங்கியது. இரண்டு முறை அழகாக இறங்கியது. மூன்றாவது முறை வரும்போது அதன் மூன்று வழிகாட்டிக் கணிப்பொறிகளில் ஒன்றில் கோளாறு என்று தானே கண்டுபிடித்து, கப்பலை விட்டுவிட்டுக் கரையில் இருந்த ஓடுபாதைக்குப் போய்விட்டது. எனக்குப் பிடித்தது அந்த மூன்றாவது முறைதான். 'எனக்கு உடம்பு சரியில்லை, நான் வரவில்லை' என்று சொல்லத் தெரிந்திருக்கிறது.

ஆனால் எந்தக் கணிப்பொறியும் கம்பிவடத்தைக் காப்பாற்றாது. 2016 மார்ச்சில் அமெரிக்காவின் ஐசன்ஹோவர் கப்பலில் 'ஹாக்ஐ' என்ற கண்காணிப்பு விமானம் ஒன்று கொக்கி போட்டு இறங்கியது, வடம் அறுந்தது. விமானம் தளத்தின் நுனியிலிருந்து கீழே மறைந்து, கடலைத் தொடும் தூரத்தில் எப்படியோ ஏறித் தப்பியது. அறுந்த வடம் சாட்டையாகச் சுழன்றதில் தளத்தில் எட்டுப் பேருக்குக் காயம். பராமரிப்பில் நடந்த பிழை என்று விசாரணை சொன்னது. அதே வருடக் கடைசியில் ரஷ்யாவின் குஸ்னெத்சோவ் கப்பல் சில வார இடைவெளியில் இரண்டு விமானங்களை இழந்தது. ஒன்று, தளத்தில் வடம் சிக்கலாகி, சரியாகும்வரை வானில் காத்திருந்தே எரிபொருள் தீர்ந்து விழுந்தது. இன்னொன்று இறங்கும்போது வடம் அறுந்து கடலுக்குள் போனது. அதில் காத்திருந்து விழுந்ததுதான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. நல்ல விமானம், நல்ல விமானி, கீழே யாரோ வடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, மேலே எரிபொருள் முள் இறங்கிக்கொண்டே இருக்கிறது.

கடைசியாக, ஃபெர்ரியை விட்டு இறங்கும்போது அவன் கேட்ட இன்னொன்று: "நம்ம ஹார்னெட்ல இதெல்லாம் இருக்கா?" 2025 ஆகஸ்டில் குவாந்தானில் நம் ஹார்னெட் ஒன்று விழுந்ததை நினைத்துக் கேட்டிருப்பான். அது ஏறும்போது நடந்தது, இறங்கும்போது அல்ல. அதில் இருந்த இருவரும் இருக்கையோடு வெளியேறித் தப்பினார்கள். மலேசியா 1997இல் வாங்கிய எட்டும் எஃப்/ஏ-18டி, பழைய வகை. த்ராட்டிலைத் தானாகப் பிடிக்கும் வசதி அதில் உண்டு. மேஜிக் கார்பெட் அதற்கு வரவில்லை. அது அடுத்த தலைமுறை சூப்பர் ஹார்னெட்டுக்கு. ஆனால் கப்பலுக்குப் பிறந்த உடம்பு அப்படியே இருக்கிறது. விமானந்தாங்கிக் கப்பலே இல்லாத நாட்டில், கப்பலில் இடம் மிச்சப்படுத்த மடியும் இறக்கை, தடித்த சக்கரக்கால், வாலடியில் கொக்கி.

தெலுக் ஆயர் தாவார் பக்கம் ஒரு மாலை அவனைக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பட்டர்வொர்த் விமானத்தளத்தின் வேலிக்கு வெளியே ரோட்டோரம் நின்றாலே போதும். ஹார்னெட் மூக்கைத் தூக்கிக்கொண்டு, பயணிகள் விமானம் மாதிரி கடைசியில் மிதக்காமல், வந்த சரிவிலேயே வந்து தரையில் 'டப்' என்று விழும். அப்போது அடிவயிற்றில் மடித்துவைத்த கொக்கி தெரியும், கருப்பு வெள்ளைப் பட்டை போட்டது.